முக்கிம் அன்னத்தின் பன்னிரண்டு படங்கள்

1

இந்த ஐப்பசியோடு நான் கப்பலேறி இருபது வருஷம். கல்யாணமான நாலாம் மாதம் ஜோகூர் பாருவில் வந்து இறங்கினேன். மூன்று வருஷத்தில் திரும்பிவிடலாம் என்று என் வீட்டுக்காரர் அப்போது சொன்னார். பிறகு அந்தப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அவர் சர்க்கார் நில அளவை ஆபீசில் வரைபட அறைக் குமாஸ்தா. ஆபீஸ் மேட்டின் மேல் இருக்கிறது. எங்கள் வீடு கீழே, கடல் காற்று வரும் பக்கம். காலை ஆறரைக்கு அவருக்குச் சட்டை தேய்த்து வைத்து, மகள் ரூபியை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போவேன். இந்த ராஜ்யத்தில் வெள்ளிக்கிழமைதான் ஆபீஸ் விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை அவர் வேலைக்குப் போய்விடுவதால், கோயில் ஆராதனைக்கு நானும் ரூபியும் மட்டுமே போகிறோம். மூத்தவன் பாலம் தாண்டிச் சிங்கப்பூரில் வேலையாயிருக்கிறான். கடிதம் இங்கிலீஷில் எழுதுகிறான். அதை ரூபி வாசித்துத் தமிழில் சொல்லுவாள். அவள் தமிழும் பாதி மலாய்தான்.

பிள்ளைகளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. போன வருஷம் பாளையங்கோட்டையிலிருக்கும் என் தங்கைக்கு, “தினமும் பசார் போய்ச் சாயூர் வாங்குகிறேன்” என்று எழுதிவிட்டேன். சாயூர் என்ன நோய், அதற்கு மருந்து உண்டா என்று கவலைப்பட்டுப் பதில் வந்தது. இங்கே காய்கறிக்குச் சாயூர் என்று பெயர். எழுதும்போது அது தமிழில்லை என்பதே எனக்குத் தோன்றவில்லை.

தங்கை அந்தக் கடிதத்தில் இன்னொன்றும் கேட்டிருந்தாள். “ரூபிக்கு நம் தவளைக் கதையாவது தெரியுமா?” தெரியும் என்று எழுதினேன். சின்னதில் அவளுக்கு நான் சொல்லியிருக்கிறேன். ஆனால் அவள் அதை எப்போதோ மறந்திருப்பாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

2

‘கிணற்றைவிட்ட தவளை’ புத்தகத்தைத் திருநெல்வேலிப் பக்கத்து மிஷன் பள்ளிகளில் படித்தவர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்லுகிறேன். கிணறுதான் உலகம் என்று இருந்த ஒரு தவளை, மாடு கட்டி இறைக்கும் கமலைச் சாலில் தண்ணீரோடு மேலே வந்துவிடும். வாய்க்கால், வயல், எருமை முதுகு, குளம், ஆறு என்று போய்க் கடலைப் பார்த்துவிட்டு, கிணற்றுக்கே திரும்பி வரும். ஒரு பள்ளி வாத்தியார் எழுதியது. பதினொரு படங்கள். எல்லாம் கறுப்புக் கோட்டில் அச்சானவை. இரண்டாம் வகுப்பில் எனக்கு அது பரிசாகக் கிடைத்தது. அவரை இலையைக் கசக்கி, பதினொரு தவளைக்கும் நானே பச்சை தீட்டினேன். படம் வரைந்தவர் யார் என்று அதில் போட்டிருக்காது. அதை யாரும் கேட்டதுமில்லை.

போன மாதம் ஒரு புதன்கிழமை மத்தியானம், என் வீட்டுக்காரர் சாப்பிட வந்தபோது சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னார். வெளியூர் ஆபீசுகளிலிருந்து வந்து கிடந்த பழைய வரைபடங்களைக் கறையான் தின்றுவிட்டதாம். அவற்றைக் ‘கண்டம்’ பண்ணிவிட்டார்களாம். உபயோகமில்லை என்று சர்க்கார் தள்ளுவதற்கு ஆபீசில் வழங்கும் சொல் அது. சனிக்கிழமை காலை மூன்று பேர் சாட்சியாக நின்று எரிக்கப்போகிறார்கள். அதில் ஒரு தகரக் குழாயைத் திறந்தால் நிலப்படமே இல்லை, தவளைப் படங்கள் இருக்கின்றன என்றார்.

“தவளையையும் கண்டம் பண்ணியாச்சு” என்று சொல்லிவிட்டு ரசத்துக்குக் கை நீட்டினார்.

என்ன தவளை என்று கேட்டேன். ஒன்று மாட்டு முதுகில் உட்கார்ந்திருக்கிறது, ஒன்று கமலைச் சாலிலிருந்து குதிக்கிறது, நல்ல வேலைப்பாடு, வர்ணம்கூட மங்கவில்லை என்றார். அவர் தஞ்சாவூர்ப் பக்கம். அந்தப் புத்தகத்தைக் கண்டதில்லை. சாலுக்குப் பக்கத்தில் ஒரு சிறு பெண் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாளா என்று கேட்டேன். அவர் சோற்றில் வைத்த கையை எடுக்காமல் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“ஆமா. ஒனக்கு எப்படித் தெரியும்?”

அதை எரிக்கக் கூடாது என்றேன். சர்க்கார் பட்டியலில் ஏறிவிட்டது, மூன்று கையெழுத்து விழுந்துவிட்டது, அதில் ஒன்று தன்னுடையது என்றார். என் வீட்டுக்காரர் ஆபீஸ் பென்சிலை வீட்டுக்குக் கொண்டுவராத மனிதர். அவரிடம் ஒளித்துக் கொண்டுவரச் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. நானே ஆபீசுக்கு வருகிறேன் என்றேன். இருபது வருஷத்தில் அந்த மேட்டை நான் ஏறியதில்லை.

3

வியாழக்கிழமை ரூபியைப் பள்ளிக்கு அனுப்பாமல் துணைக்கு அழைத்துப் போனேன். சாமான் அறைக்குத் தலைவர் இஞ்சே யூசோப் என்னும் மலாய்க்காரர். ஐம்பது வயது இருக்கும். கறுப்புத் தொப்பியும் மூக்குக்கண்ணாடியுமாக எழுந்து நின்று எங்களை உட்காரச் சொன்னார். வழியெல்லாம் நான் ஒத்திகை பார்த்த மலாயில், “என் பழைய தவளைகளைப் பார்க்க வந்தேன்” என்று சொன்னேன். அவர் புரியாமல் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். ரூபி தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். மலாயில் தவளை ‘கத்தாக்’. நான் சொன்னது ‘கத்தா’. அதற்குச் ‘சொல்’ என்று அர்த்தம். என் பழைய சொற்களைப் பார்க்க வந்தேன் என்று நான் சொன்னதாக அவர் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

அவர் குழாயை வரவழைத்து, மேசையில் சுத்தமான தாள் விரித்து, ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.

அதுவேதான். ஆனால் தவளை பச்சை இல்லை. முதல் மழை பெய்ததும் வயல்வரப்பில் கத்துமே, அந்த மஞ்சள். எருமையின் ஈரமான முதுகில் வானத்தின் நீலம் தெரிந்தது. சிறுமியின் பாவாடை வெங்காயத் தோல் நிறம். நாற்பது வயதுக்குமேல் ஆன ஒருத்தி ஆபீஸ் ஆண்கள் முன்னால் அழலாமா என்று அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. ஓரங்களில் கறையான் கொஞ்சம் தொட்டிருந்தது. தகரம் காப்பாற்றியிருக்கிறது.

எண்ணிப் பார்த்தால் பன்னிரண்டு இருந்தது. புத்தகத்தில் பதினொன்றுதான். பன்னிரண்டாவதை நான் கண்டதேயில்லை. அதில் தவளை கிணற்றுக்குத் திரும்பவில்லை. கடற்கரையில், அலை வந்து தொடும் இடத்தில், முன்கால் நனைய உட்கார்ந்திருந்தது. உப்புத் தண்ணீரில் தவளை செத்துப்போகுமே என்றார் என் வீட்டுக்காரர். சாகாது, எங்கள் கிராமத்துச் சதுப்பில் உப்புத் தண்ணீரிலேயே தவளை இருக்கிறது, நண்டு பிடித்துத் தின்னும் என்றார் இஞ்சே யூசோப்.

பிறகு அவர் வேலையைப் பேசினார். பட்டியலில் ஏறிய பொருளை எடுக்க வேண்டுமானால் உரியவர் மனு கொடுக்க வேண்டும். உரியவர் யார்? எனக்குத் தெரியவில்லை. இந்தப் படங்களுக்கு என்ன இவ்வளவு என்று அவர் கேட்டார். கேலியாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான். எனக்கு மலாய் போதவில்லை.

அப்போது ரூபி பேச ஆரம்பித்தாள். ஒவ்வொரு படமாக விரலால் காட்டி, முழுக் கதையையும் மலாயில் சொன்னாள். நான் அவளுக்குச் சொன்ன மாதிரியே, எருமை பேசும் இடத்தில் குரலைத் தடிக்க வைத்து, ஆற்றங்கரையில் நிறுத்தி மூச்சு வாங்கிச் சொன்னாள். இந்தப் பெண்ணுக்கு நம்முடையது ஒன்றும் ஒட்டவில்லை என்று எத்தனை முறை அவள் காதுபடவே சொல்லியிருக்கிறேன். எல்லாம் ஒட்டித்தான் இருந்திருக்கிறது. அது வேறு பாஷையில் வெளியே வந்தது, அவ்வளவுதான்.

இஞ்சே யூசோப் கடைசிவரை கேட்டார். உங்களுக்குக் கிணற்றுத் தவளை, எங்களுக்குத் தேங்காய்ச் சிரட்டைக்குக் கீழே தவளை என்று சொல்லிவிட்டு, குழாயின் மேல் ஒட்டியிருந்த சீட்டை வெளிச்சத்தில் பிடித்தார். ‘முக்கிம் அன்னம், தாள் 13ஏ’ என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. முக்கிம் என்பது நம் ஊர் பிர்க்கா மாதிரி ஒரு நிலப் பிரிவு. அவர் பெரிய பதிவேட்டை எடுத்து, எல்லா மாவட்டமும் புரட்டினார். ஜோகூரில் அப்படி ஒரு முக்கிம் இல்லை.

அடுத்த மேசையிலிருந்த யாழ்ப்பாணத்துக்காரர், அன்னம் என்பது சீயத்துக்கு அப்பால் ஒரு தேசம், அது இங்கே எப்படி வந்தது என்று அதிசயப்பட்டுக்கொண்டே எழுந்து வந்தார். சீட்டைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. “இது தாவீதின்ர எழுத்து. சிகாமட் ஆபீசில என்னோட இருந்த டிரேசர். பெருவெள்ளம் வந்த வருஷம் காய்ச்சலில செத்துப்போனார். பெண்சாதி இப்ப பெக்கோக்கில, மகளோட இருக்கிறா.”

இஞ்சே யூசோப் பேனாவை எடுத்து, பட்டியலில் அந்த வரியை அடித்து, பக்கத்தில் ஏதோ எழுதி, உரியவரிடம் சேர்க்கும்படி குழாயை என் வீட்டுக்காரரிடம் கொடுத்தார். எழுதியதை ரூபி எனக்குச் சொன்னாள்: இல்லாத முக்கிமின் தாளை எரிக்கச் சர்க்கார் உத்தரவு கிடையாது.

4

அடுத்த வெள்ளிக்கிழமை மூவரும் காலை ரயிலேறினோம். குளுவாங் தாண்டியதும் இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள்தான். விலை விழுந்து பால் வெட்டாமல் விட்ட தோட்டங்களில் புல் இடுப்பளவு நின்றது. குழாயை என் வீட்டுக்காரர் மடியிலேயே வைத்திருந்தார். தாவீது என்னும் அந்த மனிதர் எப்படிப்பட்ட ஓவியர், யாருக்கும் சொல்லாமல் வரைபடம் நகலெடுக்கும் டிரேசர் வேலை பார்த்தே செத்திருக்கிறாரே என்று வழியெல்லாம் பேசிக்கொண்டு போனோம்.

தாவீதின் மகளுடைய புருஷன் ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில் காயத்துக்கு மருந்து கட்டும் டிரஸர். ஸ்டேஷனிலிருந்து மாட்டுவண்டியில் போய் விசாரித்தபோது, அம்மா ஆயாக் கொட்டகையில் இருக்கிறார்கள் என்றார்கள். பால் வெட்டப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுப் போகும் கொட்டகை அது. சேலைத் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கின. ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள், இடுப்பில் ஒரு குழந்தையோடு வெளியே வந்து, யார் என்று கேட்டார்கள்.

உங்கள் வீட்டுக்காரர் வரைந்த படங்கள் ஆபீசில் கிடைத்தன, கொடுக்க வந்தோம் என்றேன். முதல் தாளை எடுத்து நீட்டினேன்.

அந்த அம்மாள் வாங்கவில்லை. குழந்தையை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டார்கள். பிறகு ரொம்ப நிதானமாகச் சொன்னார்கள்.

“அவங்க வரையலங்க. இது நான் வரைஞ்சது.”

உள்ளே பாயில் உட்கார வைத்து, குழந்தையைத் தூங்கப்போட்டுவிட்டு வந்து அவர்கள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். பெயர் அன்னம்மாள். பெண்கள் போர்டிங் பள்ளியில் பயிற்சி படித்தபோது வயது பதினேழு. வெள்ளைக்கார டீச்சரம்மா கொடுத்த வர்ணப்பெட்டியை வைத்து, ஒரு கோடை விடுமுறை முழுக்க வரைந்தது. அச்சுக்காரர்கள் வர்ணத்தை விட்டுக் கோட்டை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். பெயர் போடலாமா என்று கேட்டார்களாம். கல்யாணமாக வேண்டிய பெண்ணின் பெயர் ஊர் ஊராகப் போக வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார். தவளை கடலில் இருந்தால் செத்துப்போகும், பிள்ளைகளுக்குத் தப்பாகச் சொல்லக் கூடாது என்று பன்னிரண்டாவதை வாத்தியார் நீக்கிவிட்டார்.

“அப்ப நான் கடலையே பார்த்ததில்லை. தெரியாமத்தான் வரைஞ்சேன்” என்றார்கள்.

அசல் படங்கள் திரும்பி வந்தன. கல்யாணமாகி மலாயாவுக்கு வந்தபோது பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார்கள். சிகாமட்டில் ஆற்றோரம் வீடு. பெருவெள்ளத்தில் தண்ணீர் ஏறத் தொடங்கியபோது, தாவீது வீட்டில் வைத்து வேலை செய்துகொண்டிருந்த வரைபடக் குழாய்களையெல்லாம் மெழுகுசீலையில் சுற்றி, மேட்டிலிருந்த ஆபீசுக்குச் சாம்பான் படகில் கொண்டுபோனார். அன்னம்மாள் மகளோடு வீட்டு ஏணியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“எனக்கு ஆத்திரம். எங்க உடுப்பு, பைபிள், என் படம் எல்லாம் முழுகப் போவுது, இவங்க சர்க்கார் மேப்பைக் காப்பாத்துறாங்களேன்னு. கத்தினேங்க. ஒங்களுக்குப் பெண்டாட்டி பிள்ளையைவிட மேப்புதான் பெரிசுன்னு. அவங்க திரும்பிப் பார்த்து என்னவோ சொன்னாங்க. மழையில கேக்கலை.”

தாவீது இவர்களை ஏற்றிக்கொள்ளத் திரும்பி வந்தபோதே நடுங்கிக்கொண்டிருந்தாராம். ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் நினைவு தப்பிக் கிடந்து இறந்துவிட்டார். வெள்ளம் வடிந்தபின் பெட்டியைத் திறந்தால் உள்ளே சேறும் கரைந்த காகிதமும்தான். அதில் தன் படங்களும் போயின என்றே இத்தனை வருஷமும் நினைத்திருக்கிறார்கள். தான் கத்திய அந்தக் கடைசி வார்த்தையோடுதான் தினமும் படுத்து எழுந்திருக்கிறார்கள்.

என் வீட்டுக்காரர் குழாயைத் திருப்பி, சீட்டை அவர்கள் பக்கம் காட்டினார். இங்கிலீஷ் எழுத்தை அவர்கள் விரல் வைத்துக் கூட்டினார்கள். முக்கிம் அன்னம்.

“வீட்டுல என்னை அன்னம்னுதான் கூப்பிடுவாங்க.”

அந்த இரைச்சலில் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று நாங்கள் யாரும் வாயால் சொல்லவில்லை. சர்க்கார் குழாய்களோடு போனால்தான் பத்திரமாக இருக்கும் என்று பெட்டியிலிருந்து படங்களை எடுத்து ஒரு குழாயில் போட்டு அவற்றின் நடுவே வைத்து, யாரும் தேடாத ஒரு நம்பரைப் போட்டு, இல்லாத ஒரு முக்கிமுக்குப் பெண்டாட்டியின் பெயரை வைத்து அலமாரியில் ஏற்றியிருக்கிறார் அந்த மனிதர். அன்னம்மாள் குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வெகுநேரம் அழுதார்கள். தொட்டிலில் ஒரு குழந்தை விழித்து, என்னவென்று தெரியாமல் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. ரூபி போய் அதை ஆட்டிவிட்டாள்.

அழுகை ஓய்ந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, படங்களைப் பாயில் வரிசையாகப் பரப்பினார்கள். இப்போது அவர்கள் பார்த்த பார்வை வேறு. எருமையின் காலைக் காட்டி, இது கோணல், அன்றைக்கே தெரியும் என்றார்கள். பன்னிரண்டாவதுக்கு வந்ததும் சிரித்து, வாத்தியார் சொன்னது சரிதான் என்று ஒதுக்கி வைக்கப் போனார்கள்.

“இல்ல ஆன்ட்டி” என்றாள் ரூபி. “இங்க உப்புத் தண்ணியில கத்தாக் இருக்கு லா. பாக்காவ் மரத்துக்குக் கீழ. நானே பார்த்திருக்கேன், பள்ளிக்கூடத்துல எல்லாரும் போனப்போ. நண்டு தின்னும்.”

அலையாத்தி மரத்துக்கு இங்கே பாக்காவ் என்று பெயர். அன்னம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தார்கள். நிஜமாகவா, என்ன நிறம், எவ்வளவு பெரிசு, முதுகில் கோடு உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். ரூபி தெரிந்ததைச் சொன்னாள். தெரியாததைத் தெரியாது என்றாள். அன்னம்மாள் அந்தப் படத்தை ஒதுக்கவில்லை. மற்றவற்றோடு வரிசையிலேயே வைத்தார்கள்.

5

படங்கள் இப்போது பெக்கோக்கில் இருக்கின்றன. ஒன்றை நான் வைத்துக்கொள்ளலாம் என்று அவர்கள் சொன்னார்கள், நான் வாங்கவில்லை. பன்னிரண்டும் ஒன்றாக இருப்பதுதான் முறை. டிரஸர் மாப்பிள்ளை கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். ரூபி சொன்ன உப்புநீர்த் தவளையை ஒரு நாள் நேரிலே காட்ட வேண்டும் என்று அன்னம்மாள் கேட்டார்கள். வருகிற பள்ளி விடுமுறையில் ஜோகூர் பாருவுக்கு வருகிறார்கள். சிங்கப்பூரிலிருந்து வர்ணப்பெட்டி வாங்கி வரும்படி ரூபி அண்ணனுக்கு எழுதிவிட்டாள். அந்தக் கடிதத்தைத் தமிழில் எழுதினாள். நான் சொல்லவில்லை. எழுத்துக்கு எழுத்துப் பிழை. நான் ஒன்றையும் திருத்தாமல் தபாலில் போட்டேன்.

பிரியும்போது அன்னம்மாளை ஒன்று கேட்டேன். படங்களின் பின்பக்கம் பெயரே இல்லையே, இப்போதாவது எழுதலாமே என்றேன். இனி எதற்கு என்பார்கள் என்று எதிர்பார்த்தேன். அவர்கள் என் வீட்டுக்காரரிடம் பேனா வாங்கி, பன்னிரண்டிலும் முன்பக்கத்து மூலையில், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி, முழுப் பெயரையும் எழுதினார்கள்.

எழுதி முடித்து, புத்தகத்தில் போடவில்லையே என்றார்கள். குறையாகச் சொல்லவில்லை, நினைவாகச் சொன்னார்கள். நான் ஊருக்கு எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். அதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

உங்கள் வீட்டிலோ, உங்கள் பள்ளிக்கூட அலமாரியிலோ ‘கிணற்றைவிட்ட தவளை’ இருந்தால் தயவு செய்து எடுங்கள். முதல் பக்கத்தில் வாத்தியார் பெயருக்குக் கீழே ஒரு வரிக்கு இடம் இருக்கிறது. அதில் ‘படங்கள்: அன்னம்மாள்’ என்று எழுதுங்கள். பென்சில் வேண்டாம். மையால் எழுதுங்கள்.